தலைமுறைகளும் ஊர்ப்பொதுப்பணியும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் மத்தூர். அதே பெயருடைய ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் அதுவே. செஞ்சி, வந்தவாசி, ஆரணி, போளூர் வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலையின்பொருட்டுச் செல்லும் வழிகளுள் இதுவும் ஒன்றாகும். மாங்கனித் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த இப்பகுதி, கடந்த ஐம்பது ஆண்டுகளில் தொழிற்சாலைப் பகுதியாகவும் மாறிவிட்டது. ஓசூரில் சிப்காட் வளாகம் 1970களில் தோன்றியது. லாரி, மொபெட், கைக்கடிகாரம் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் 1980களில் அங்கு எழுந்தன. மத்தூருக்கு அண்மையிலுள்ள போச்சம்பள்ளி சிப்காட் வளாகத்தில் மின்சார இருசக்கர வாகனத் தொழிற்சாலையொன்று 2021ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது.

வேலை வந்த இடத்தில் மக்களும் வந்தனர். ஆனால் அம்மக்கள் எந்த ஊரைத் தம் ஊர் எனக் கொள்வது? பிறந்த ஊரில் கிராம சபை கூடும்போது இளைஞன் அங்கில்லை. வேலை செய்யும் ஊரிலோ அவன் வாடகைக்குக் குடியிருப்பவன். அங்கும் அவனை எவரும் அழைப்பதில்லை. இந்நிலையில் இரண்டு குறைகள் நம் இல்லங்களில் ஓயாது ஒலிக்கக் கேட்கிறோம். "இக்காலப் பிள்ளைகளுக்குப் பொதுக்காரியத்தில் அக்கறையே இல்லை, கைப்பேசியே அவர்கள் உலகம்" என்பது பெரியோர் கூற்று. "பெரியவர்கள் பதவியை விடமாட்டார்கள்; புதியது எதைச் சொன்னாலும் ஏற்கமாட்டார்கள்; பிறகு ஏன் வரவேண்டும்?" என்பது இளையோர் கூற்று. இவ்விரு கூற்றுகளும் எவ்வளவு உண்மை, இவற்றால் விளையும் இழப்பு யாது, அதனைத் தவிர்க்கும் வழி எது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முத்திரை எவ்வாறு பிறக்கிறது?

ஒருவரின் வயதை மட்டும் பார்த்து அவர் குணத்தை முடிவு செய்வதையே இங்கு நாம் முத்திரை என்கிறோம். முத்திரை முற்றிலும் பொய்யிலிருந்து பிறப்பதில்லை. ஒரு சிறு உண்மையிலிருந்து பிறந்து, அதனைவிடப் பெரிதாக வளர்ந்துவிடுவதே அதன் இயல்பு. ஊர்க்கூட்டத்திற்கு இளைஞர் வரவில்லை என்பது கண்கூடான செய்தி. அக்கறையின்மையால்தான் வரவில்லை என்பது நாமே சேர்த்துக்கொண்ட காரணம். செய்தியும் காரணமும் ஒன்றல்ல.

மக்கள் தொகையை ஆராயும் அறிஞர்கள் இவ்விடத்தில் மூன்று விளைவுகளைப் பிரித்துக் காட்டுவர். முதலாவது, வயதின் விளைவு. இளமையில் வேலை தேடல், திருமணம், குழந்தை வளர்ப்பு எனப் பொறுப்புகள் நெருக்கும். எந்தக் காலத்து இளைஞருக்கும் இது பொருந்தும். இரண்டாவது, காலத்தின் விளைவு. ஒரு பெருவெள்ளமோ, பெருந்தொற்றோ, புதிய சாலையோ வரும்போது எல்லா வயதினரும் ஒருங்கே மாறுகின்றனர். மூன்றாவது, ஒரே காலத்தில் பிறந்து வளர்ந்தோர்க்கு மட்டும் உரிய விளைவு. இம்மூன்றனுள் கடைசியானதையே "தலைமுறைக் குணம்" எனலாம். ஆனால் நாம் பெரும்பாலும் முதலிரண்டையும் கண்டு, அவற்றை மூன்றாவதாகப் பெயரிட்டுவிடுகிறோம். கைப்பேசியில் மூழ்கியிருப்போர் இளையோர் மட்டுமோ? இன்று தாத்தா, பாட்டியர் கையிலும் அதுவே இருக்கிறது. அது காலத்தின் விளைவே.

2020ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட ஆய்வறிக்கையொன்று, பணியாளரைத் தலைமுறைப் பெயரிட்டுப் பிரித்து நடத்துவதற்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று முடிவு கூறியது. உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையோ, உலகில் இருவரில் ஒருவர் முதியோரைப் பற்றித் தாழ்வான எண்ணம் கொண்டிருப்பதாகக் கூறுகிறது. ஐரோப்பாவில் வயதின் பெயரால் தாங்கள் புறக்கணிக்கப்படுவதாக இளையோரே மிகுதியாகத் தெரிவித்துள்ளனர் என்றும் அதே அறிக்கை குறிப்பிடுகிறது. ஆகவே இந்த நோய் ஒருபக்க நோயன்று.

இது வெறும் சொல்லளவில் நிற்பதுமன்று. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ஐம்பது வயதைக் கடந்த 660 பேரைப் பல்லாண்டு காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தம் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தோர், அவ்வெண்ணம் இல்லாதோரைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் மிகுதியாக வாழ்ந்தனர் என்பது அதன் முடிவு. "உங்களுக்கு இனி என்ன தெரியும், பேசாமல் இருங்கள்" என்று வீட்டில் நாள்தோறும் கேட்கும் முதியவர், நாளடைவில் தாமும் அதனை நம்பத் தொடங்குகிறார். "உனக்கு என்ன அனுபவம்?" என்று கேட்டே வளரும் பிள்ளையும் அவ்வாறே.

ஒரு பொருளை ஒரே பக்கத்தில் நின்று கண்டு, கண்டதே முழுமை எனத் துணிவதை ஏகாந்தம் என்று நம் ஆசான்கள் கடிந்தனர். இளமையும் முதுமையும் ஓருயிரின் பரியாயங்களேயன்றி வேறு வேறு பொருள்கள் அல்ல. நாலடியாரில் இளமை நிலையாமை என்றோர் அதிகாரமே உண்டு. இன்று இளையோரைக் குறை கூறுபவர் நேற்றைய இளையோரே. முதியோரை இகழ்பவர் நாளைய முதியோரே. அநேகாந்தத்தை நூலில் கற்பது எளிது. மாமனார் மருமகன் பேச்சில் கைக்கொள்வதே அரிது.

வயது வரம்பு மாறிய வரலாறு

பொதுப்பணிக்கு உரிய வயது எது என்னும் வினா புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதற்குச் சிறந்த சான்று. அவ்வூர்ப் பிராமணர் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்த விதிகள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. கி.பி. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி உறுப்பினராகத் தக்கவர் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். இரண்டே ஆண்டுகளில், கி.பி. 921இல், அவ்விதி முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் எனத் திருத்தப்பட்டது. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவராயினர். அண்மை ஆண்டுகளில் பொறுப்பு வகித்தவர்க்கும் மீண்டும் உடனே இடமில்லை.

இதிலிருந்து நாம் அறியத்தக்கவை இரண்டு. வயது வரம்பு என்பது இயற்கை வகுத்த கோடு அன்று. மக்கள் தம் பட்டறிவுக்கேற்ப வரைந்து, வேண்டும்போது மாற்றிக்கொண்ட கோடு. மற்றொன்று, வயதைவிடக் கணக்குக் காட்டும் நேர்மைக்கும், பதவியைப் பிறர்க்கு விட்டுத் தரும் பண்புக்கும் நம் முன்னோர் இடமளித்தனர். ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அச்சபை எல்லா மக்களுக்கும் உரியதாக இல்லை என்பதையும் மறத்தலாகாது. சாதி, நிலம், ஆண்பால் என்னும் வேலிகள் அன்று இருந்தன.

அவ்வேலிகளை நம் காலத்துச் சட்டங்கள் ஒவ்வொன்றாக அகற்றின. அரசியலமைப்பின் 61ஆவது திருத்தத்தால் 1989 மார்ச் 28 முதல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் தேர்தல் நடந்தது. சட்டமன்றத்திற்குப் போட்டியிட 25 வயது வேண்டும்; ஊராட்சிக்கோ 21 வயதே போதும். ஊராட்சிப் பதவிக்கு மேல் வயது வரம்பு எதுவுமில்லை. ஊர்ப்பணியின் வாயில் இளையோர்க்கும் முதியோர்க்கும் ஒருங்கே திறந்திருக்கிறது என்பது இதன் பொருள்.

இம்மண் தரும் சான்றுகள்

ஓசூரையடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தவர் இராஜாஜி. சேலம் நகராட்சித் தலைவராக 1917இல் பொறுப்பேற்றபோது அவர் நாற்பதை எட்டவில்லை. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் உப்பு யாத்திரை சென்றபோது அவர் வயது 51. பலரும் ஓய்வை நாடும் எண்பதாம் வயதில், 1959இல், சுதந்திரா கட்சியைத் தோற்றுவித்தார். அக்கட்சி 1967 பொதுத்தேர்தலில் மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று வற்புறுத்த 1962இல் அமெரிக்கா சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைக் கண்டபோது அவர் வயது 83.

இராஜாஜியின் கொள்கைகள் அனைத்தையும் எல்லோரும் ஏற்றனர் என்பதில்லை. அவர் 1953இல் கொணர்ந்த கல்வித் திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954இல் அவர் முதலமைச்சர் பதவியினின்று விலகினார். நாம் இங்குக் காட்ட விரும்புவது வேறு. அவர் கருத்தை ஏற்றவரும் மறுத்தவரும் அக்கருத்தையே எடுத்து வாதிட்டனர். "கிழவர், அவர் பேச்சை விடு" என்பது வாதமாகாது என்பதை அவர்தம் நீண்ட பொதுவாழ்வு காட்டுகிறது.

இனி அதே வட்டாரத்தின் மற்றொரு முனைக்கு வருவோம். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி ஒன்றியத்தைச் சேர்ந்த கே. என். தொட்டி ஊராட்சியின் தலைவராக 21 வயதுக் கல்லூரி மாணவி சந்தியா ராணி தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த வயது அதுவே. அதே தேர்தலில் மதுரை மாவட்டம் மேலூர் அருகே அரிட்டாபட்டி ஊராட்சிக்குத் தலைவரானவர் முதிய பெருமாட்டி வீரம்மாள். அன்றைய செய்தித்தாள்கள் அவர் வயதை 79 எனக் குறித்தன. பேத்தி வயதினரும் பாட்டி வயதினரும் 2020 ஜனவரியில் ஒரே பதவிக்கு உறுதிமொழி எடுத்தனர். அப்பதவிக்காலம் 2025 ஜனவரியில் நிறைவுற்றது. இவ்விருவரையும் தேர்ந்தவர்கள் எல்லா வயதினரும் அடங்கிய ஊர்மக்களே. வாக்குச் சாவடியில் மக்கள் முத்திரையைத் தாண்டிச் சிந்திக்க வல்லவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அரிட்டாபட்டி கற்பிக்கும் பாடம்

அரிட்டாபட்டி என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. அவ்வூர்க் கழிஞ்சமலையில் சமண முனிவர் தங்கிய குகைத்தளமும், ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. பாறையில் புடைப்பாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் திருமேனியும் அங்குண்டு. அதனைச் செய்வித்தவர் அச்சணந்தி என்றும், அது பாதிரிக்குடியார் காவலில் விடப்பட்டது என்றும் அதன்கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஓர் ஊராரின் காவலில் ஒரு திருமேனியை ஒப்படைத்த செயலே பொதுப்பணியின் வித்து எனலாம். காவல் என்பது ஒரு தலைமுறையோடு முடிவதன்று.

இவ்வூரையும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 எக்டேர் நிலப்பரப்பைத் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் மாநில அரசு அறிவித்தது. ஈராண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அப்பகுதியை உள்ளடக்கிய சுமார் 2,015 எக்டேரில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்கும் உரிமை ஏலத்தில் ஒரு நிறுவனத்திற்கு வழங்கப்படுவதாக மத்திய அரசின் அறிவிப்பு வந்தது. ஊர்கள் விழித்தெழுந்தன. கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7இல் மேலூர் வட்டார மக்கள் திரளாக மதுரைக்குப் பேரணி சென்றனர். ஜனவரி 23இல் மத்தியச் சுரங்க அமைச்சகம் அவ்வேலத்தை இரத்து செய்தது.

எந்தத் தலைமுறை இதனைச் சாதித்தது என்று கேட்டால் விடை கூறல் இயலாது. எந்தச் சுனை எந்தக் கண்மாயை நிரப்பும், எந்தக் குன்றுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் முதியோர் நெஞ்சில் வழிவழியாக வரும் அறிவு. அரசாணையைத் தேடிப் படிப்பதும், வரைபடத்தில் எல்லையைக் காண்பதும், செய்தியை ஒரே இரவில் நாடெங்கும் பரப்புவதும் இளையோர்க்கு எளிதாகக் கைவரும் ஆற்றல். ஒன்றின்றி மற்றொன்று முழுமை பெறாது. கிராம சபைத் தீர்மானத்தில் பதிவாகும் ஒவ்வொரு கையொப்பத்திற்கும் மதிப்பு ஒன்றே. அங்கே வயதுக்கேற்ற கூடுதலோ குறைவோ இல்லை.

இளையோரின் கைப்பேசியைப் பழிப்போர் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். 2015 டிசம்பரில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மூழ்கியபோது, உணவும் படகும் வேண்டுவோர் இருப்பிடத்தை உதவுவோர்க்கு அறிவித்ததில் அக்கருவிக்குப் பெரும்பங்கு இருந்தது. கருவி நடுநிலையானது, அதனை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே வினா.

முன்னோர் செய்ததைப் பின்னோர் புதுக்கிய வரலாறு

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் பண்டு தகடூர் நாடாக விளங்கின. அதியமான் மரபினர் ஆண்ட நிலம் அது. போளூரை அடுத்த திருமலைக்கு யாத்திரை செல்லும் நம் குடும்பங்கள் அங்குள்ள கல்வெட்டொன்றைக் கண்டிருக்கலாம். அம்மரபின் முன்னோனாகிய எழினி என்பான் திருமலையில் இயக்கன், இயக்கி திருவுருவங்களை நிறுவினான். காலப்போக்கில் அவை பழுதுற்றன. பல தலைமுறைகளுக்குப் பின் அவ்வழியில் வந்த தகடூர் விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் சீர்செய்து, எறிமணியொன்றும் அளித்து, நீர்க்கால் ஒன்றும் அமைத்தான் என்று அக்கல்வெட்டு கூறுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பின்னோன் முன்னோன் பெயரை மறைக்கவில்லை. தான் செய்ததையும் கூறாமல் விடவில்லை. பழையதைப் புதுக்கியதோடு நில்லாமல், தன் காலத்துத் தேவையான நீர்க்காலையும் சேர்த்தான். பழையதைக் காப்பதா, புதியதைச் செய்வதா என்று நம் கூட்டங்களில் எழும் பூசலுக்கு அக்கல்வெட்டிலேயே விடை இருக்கிறது. தகடூர் நாட்டானொருவன் போளூர் மலையில் பணி செய்தான் என்பதும் சிந்தனைக்குரியது. இன்று அதே பகுதிக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கும், விட்டு வந்த ஊர்மீது கடமை உண்டு. வாழும் ஊர்மீதும் கடமை உண்டு.

உண்மையான தடைகள் யாவை?

முத்திரையை ஒதுக்கிவிட்டு நோக்கினால், இளையோர் வாராமைக்கும் முதியோர் விட்டுக்கொடாமைக்கும் தெளிவான காரணங்கள் புலப்படும்.

முதற்காரணம், பெயர் எங்குள்ளது என்பது. கிராம சபையில் உறுப்பினராவோர் அவ்வூராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளோர். ஒருவர் பெயர் ஓரிடத்தில் மட்டுமே இருக்கலாம் என்பது சட்டம். ஓசூரில் பத்தாண்டு வாழ்ந்தும் பெயரை மாற்றாதவர்க்கு ஓசூர் மாநகராட்சியில் குரலில்லை. பெயரை மாற்றியவர்க்குப் பிறந்த ஊர்க் கிராம சபையில் வாக்கில்லை. இதனை எவரும் அவர்க்கு எடுத்துரைப்பதில்லை. இருபுறமும் தொடர்பற்று நிற்பவரை அக்கறையற்றவர் என்கிறோம்.

இரண்டாவது, நேரம். தொழிற்சாலையில் முறைப்பணி செய்வோர்க்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. வேலைநாளில் காலைக் கூட்டம் வைத்துவிட்டு அவர் வரவில்லை எனக் கூறல் முறையன்று. எனினும் கிராம சபை கூடும் ஆறு நாள்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் சட்டப்படி தொழிற்சாலைகளுக்கும் விடுமுறை நாள்கள். 2022 முதல் சேர்ந்த மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவை மட்டுமே அவ்வாறு அல்லாதவை. ஆண்டில் நான்கு நாள்கள் இயலும் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, கூட்டம் நடக்கும் முறை. முடிவுகள் முன்னரே செய்யப்பட்டு, கையொப்பத்திற்கு மட்டும் இளையோர் அழைக்கப்படுவாராயின், இரண்டாம் முறை அவர் வாரார். இது சோம்பலன்று; தம் வரவால் பயனில்லை எனக் கண்டதன் விளைவு.

நான்காவது, முதியோரின் அச்சம். நாற்பது ஆண்டுகள் ஊர்க் கணக்கையும் ஜினாலயச் சாவியையும் காத்தவர்க்கு, அவற்றைக் கைவிட்டால் தமக்கு மதிப்பேது என்னும் கலக்கம் இருப்பது இயல்பு. தம் காலத்தில் ஏற்பட்ட வழக்குகளையும் இழப்புகளையும் கண்டவர் அவர். புதியவர் அவசரப்பட்டு மீண்டும் அதே குழியில் விழுவாரோ என்று அஞ்சுகிறார். அதனைப் பதவி ஆசை என ஒரே சொல்லில் தள்ளுவதும் முத்திரையே. மெய்யாகவே பதவியாசை கொண்டோரும் உண்டு. அவர்களைத் திருத்துவது கணக்கும் காலவரையறையுமேயன்றி ஏளனம் அன்று.

இழப்பு எங்கே நிகழ்கிறது?

இப்பிணக்கு நீடித்தால் நாம் இழப்பது என்ன? பல ஊர்களில் பொது நிலத்தின் பட்டா, பழைய குத்தகைச் சீட்டு, நீதிமன்றத் தீர்ப்பின் படி ஆகியவை ஒரே பெரியவரின் பெட்டியில் இருக்கின்றன. நிலத்தின் எல்லை எந்தப் புளியமரம், எந்தக் கல் என்பது அவர் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர் ஒருநாள் மறைந்தால் பெட்டியைத் திறப்பார் எவருமில்லை. திறந்தாலும் அந்தக் கையெழுத்தைப் படிப்பாரில்லை. பிறகு ஆக்கிரமிப்பு நேர்ந்தால் முறையிட ஆவணமும் இராது, சாட்சியும் இராது. மறுபுறம், புல எண் தெரிந்தால் பட்டா விவரத்தைக் கணினியில் சில நிமிடங்களில் எடுக்கத் தெரிந்த பேரன் அதே வீட்டில் இருக்கிறான். அவனிடம் புல எண்ணைச் சொல்வாரில்லை. இருவர்க்கும் இடையே உள்ள தொலைவு ஒரு கூடத்தின் நீளமே. அதனைக் கடக்கவொட்டாமல் தடுப்பது "அவனுக்கு என்ன அக்கறை", "அவரிடம் யார் பேசுவது" என்னும் இரண்டு சொற்றொடர்கள்.

ஏரிக்கால்வாய், இடுகாட்டுப் பாதை, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி ஆகியவற்றிற்கும் இதுவே நிலை. நம்மைப் போன்று எண்ணிக்கையிற் சிறிய சமுதாயத்திற்கு இவ்விழப்பு இருமடங்காகும். பெரிய கூட்டத்தில் பத்துப்பேர் ஒதுங்கினால் தெரியாது. இருபது வீடுகளே உள்ள ஊரில் ஐவர் ஒதுங்கினால் பணியே நின்றுவிடும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, இல்லத்தில் பேசும் சொல்லைத் திருத்துவோம். "இக்காலத்துப் பிள்ளைகள்" என்று தொடங்கும் வாக்கியத்தை நிறுத்தி, குறிப்பிட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லிக் குறிப்பிட்ட செயலைப் பேசுவோம். "பெரியவர்கள் இப்படித்தான்" என்பதற்கும் அதுவே விதி. பெயரும் செயலும் வந்துவிட்டால் பாதிக் குற்றச்சாட்டு தானே மறைந்துவிடும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு குடும்பமும் தன் உறுப்பினர் பெயர்கள் எந்த வாக்காளர் பட்டியலில் உள்ளன என்பதை ஆராய்தல் நன்று. புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6. இடமாற்றத்திற்குப் படிவம் 8. 2022 முதல் 17 வயது நிறைந்தோரும் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். 18 நிறைவதைக் கணக்கிட ஆண்டில் நான்கு தகுதி நாள்கள் உண்டு. எந்த ஊரில் பெயர் இருக்க வேண்டும் என்பதை அவரவரே தேர்ந்து முடிவு செய்யட்டும். மறதியால் முடிவாக வேண்டாம். நகரத்தில் பெயரை மாற்றியோர் அங்கு நடைபெறும் பகுதி சபைக் கூட்டங்களை நாடலாம். பெயர் நகரத்தில் இருந்தாலும், ஊர் ஜினாலயத்திற்கும் ஏரிக்கும் கைகொடுக்க வாக்காளர் பட்டியல் தடையன்று.

மூன்றாவதாக, விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகளைக் கிராம சபைக்கு அழைத்துச் செல்வோம். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கும் திட்டப் பணிகளும் தணிக்கை அறிக்கையும் அங்கு வைக்கப்பட வேண்டியவை. கணக்கைப் படிக்க இளையவர், அதன் முன்வரலாற்றைக் கூற முதியவர் என இருவர் அருகருகே அமரலாம்.

நான்காவதாக, நம் சங்கங்களிலும் ஆலயக் குழுக்களிலும் ஒவ்வொரு பொறுப்பிற்கும் மூத்தவர் ஒருவரையும் இளையவர் ஒருவரையும் இணைத்து அமைக்கலாம். இளையவர்க்குக் கையொப்பம் மட்டுமின்றிக் கருத்துரிமையும் வேண்டும். காலவரையறையும் ஆண்டுக் கணக்கும் எல்லா வயதினர்க்கும் பொதுவாக இருக்கட்டும். உத்திரமேரூர் விதி இதற்கு முன்னுதாரணம்.

ஐந்தாவதாக, அந்தப் பெட்டியைத் திறப்போம். ஊரின் பொது ஆவணங்களைப் பெரியவர் ஒவ்வொன்றாக விளக்க, இளையவர் படமெடுத்துப் பட்டியலிட்டு இரண்டு மூன்று இடங்களில் பாதுகாக்கட்டும். எல்லைக்கல் உள்ள இடத்திற்கு இருவரும் நேரில் நடந்து செல்லட்டும். ஒருநாள் நடை, பல தலைமுறைக்குக் காவல்.

குடும்பத்தில் கூடிச் சிந்திக்கச் சில வினாக்கள்

1. நம் வீட்டில் வயதைக் காரணமாகக் காட்டி யாருடைய கருத்து அண்மையில் ஒதுக்கப்பட்டது? வயதை நீக்கிவிட்டு நோக்கினால் அக்கருத்து எத்தகையது?

2. நம் இளையோர் ஊர்க்கூட்டத்திற்கு வாராமைக்குக் காரணம் வயதா, காலமா, வேலைமுறையா? அவர்களையே கேட்டறிந்தோமா?

3. நம் ஊர்ப் பொதுச்சொத்துகளின் புல எண்களை அறிந்தோர் எத்தனை பேர்? அவர்களுள் நாற்பது வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர்?

4. முன்னோர் செய்த எந்தப் பணியை நாம் புதுக்க வேண்டும்? நம் காலத்திற்கென எந்த நீர்க்காலை நாம் சேர்க்கப் போகிறோம்?

நான்காம் வினாவிற்குரிய விடையை ஒரு தாளில் எழுதி, தாத்தா பாட்டியர் முதல் பேரப்பிள்ளைகள் வரை அனைவரும் கையொப்பமிட்டு, அடுத்த கிராம சபை நாளுக்கு முன் ஊர்ப்பெரியோர் கையில் சேர்ப்பிப்போமாக. அவ்வொரு தாளே நம் ஊர்ப்பணிக்குத் தொடக்கமாகட்டும்.